கடைசிக் கண்ணி

கிருஷாந்தி பொம்மைகளுக்கு உடுப்புப் பின்னுகிறவள். மஹய்யாவயில் படிக்கட்டு ஏறிப் போகும் வரிசை வீடுகளில், அவளுடைய வீட்டு முன்னறைக் கம்பியில் மட்டும் எப்போது பார்த்தாலும் விரல் நீளச் சட்டைகள் தொங்கும். தொப்பி, சப்பாத்து, தோளில் மாட்டும் பை, குளிருக்கு ஒரு சால்வை என்று ஒரு பொம்மைக்கு வேண்டிய எல்லாம் அந்த வீட்டில் இருந்தன. அவளுக்குத்தான் ஒழுங்கான ஒரு குடை இல்லை.

“பொம்மைக்கு எதுக்கு ஹேண்ட்பேக்? அதுக்குள்ள அது என்னத்த வைக்கப் போகுது?” என்று அவள் கணவன் சஞ்சீவ் கேட்பான். அவன் மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை செய்பவன்.

“உங்க பர்ஸுக்குள்ள மட்டும் என்னத்த வச்சிருக்கீங்க?” என்பாள் இவள்.

விளையாட்டு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அவளிடம் கணக்கு எழுதுகிற தடித்த சீஆர் கொப்பி ஒன்று இருந்தது. பதினொன்றரை அங்குலப் பொம்மை, பதினான்கு அங்குலம், பதினாறு அங்குலம் என்று ஒவ்வோர் அளவுக்கும் தனிப் பக்கம். கழுத்துக்கு எத்தனை கண்ணி, அதாவது எத்தனை நூல் வளையம், போட்டுத் தொடங்குவது, எந்த வரிசையில் கைக்குப் பிரிப்பது, பாவாடை விரிய எங்கே கண்ணி கூட்டுவது, எல்லாம் அவளே பின்னிப் பார்த்து, உருவி, மறுபடி பின்னி எழுதி வைத்த கணக்கு. பதினாறு அங்குலப் பக்கம்தான் அதிகம் புரட்டப்பட்டது. அதன் ஓரங்கள் கறுத்துப் போயிருந்தன.

லதுஷா அந்த வீட்டுப் படியேறி வந்தது மார்ச் மாதத்து மதியம் ஒன்றில். டவுனில் ஒரு கந்தோரில் வேலை, குண்டசாலையில் வீடு, சொந்த ஊர் யாழ்ப்பாணம். கனடாவில் இருக்கும் அக்கா மகளுக்கென்று முன்பொரு முறை பொம்மைப் பை வாங்கிப் போனவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒரு பொம்மைக்கு உடுப்பு வேணும். கொஞ்சம் பெரிய பொம்மை.”

“எத்தன அங்குலம்?”

“இருபது இருக்கும்.”

கிருஷாந்தி கொப்பியில் புதுப் பக்கம் விரித்துப் பென்சிலை எடுத்தாள். “தலச் சுத்தளவு?”

“பதின்மூண்டரை.”

“கை வெறப்பா இருக்குமா, வளையுமா?”

“வளையும். மெத்தெண்டு இருக்கும்.”

“சப்பாத்து?”

“சப்பாத்து வேண்டாம் அக்கா. காலுக்கு நூல் மேசு காணும். உதைஞ்சாலும் கழராத மாதிரி ஒரு நாடா வைச்சுத் தாங்கோ.”

கிருஷாந்தி பென்சிலைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் கையால் எத்தனையோ பொம்மைக்கு உடுப்புப் போட்டிருக்கிறாள். ஒன்றுகூட உதைத்ததில்லை. அப்போதுதான் லதுஷாவின் தொளதொளத்த சட்டையை நன்றாகப் பார்த்தாள்.

“எத்தன மாசம்?”

லதுஷா தலையைக் குனிந்துகொண்டாள். “அஞ்சு. முந்தி ரெண்டும் தங்கேல்லை. மாமி ஒண்டும் வாங்க விடமாட்டா. பிறக்கிறதுக்கு முந்தி ஒரு துண்டு நப்கின்கூட வீட்டுக்குள்ள வரக் கூடாது எண்டு சொல்லிப் போட்டா. இவரும் தாய் சொன்னாச் சரி. எனக்கு ஒண்டே ஒண்டு இருந்தாக் காணும் அக்கா. உங்கட வீட்டிலயே இருக்கட்டும். ஆரும் கேட்டாப் பொம்மைக்கு எண்டு சொல்லுங்கோ.”

பிள்ளை பிறக்கு முன்னால் அதற்கென்று எதையும் தைக்கவோ வாங்கவோ கூடாது என்பது கிருஷாந்திக்குத் தெரியாத சங்கதி அல்ல. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றைக்கு சஞ்சீவின் பழைய சாரத்தில்தான் சுருண்டு கிடந்தார்கள். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த அளவுகளை, பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, எங்கிருந்தோ படித்துப் பாடமாக்கி வந்து சொன்ன முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குள் ஓர் ஆசையும் இருந்தது. அசைகிற ஒன்றுக்கு உடுப்புப் பின்னித் தரும்படி அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“இங்க பாருங்க. சட்டய ஒரே நூல்ல பின்னிர்றேன். கடைசிக் கண்ணிய மட்டும் மூட மாட்டேன். ஊக்குல மாட்டி அப்பிடியே வச்சிர்றேன். மூடாத வரைக்கும் அது சட்ட இல்ல, வெறும் நூலுதான்.”

சொன்னதோடு நிற்காமல், பாதி பின்னிக் கிடந்த ஒரு பொம்மைத் தொப்பியை எடுத்து, கொக்கி ஊசியை உருவிவிட்டு, நூலைப் பிடித்து இழுத்தாள். தொப்பி வரிசை வரிசையாகக் கரைந்து இல்லாமலே போனது. லதுஷாவின் மடியில் நூல் சுருள் சுருளாகக் கிடந்தது. லதுஷா அதை அள்ளிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

“நூடில்ஸ் மாதிரி இருக்கு அக்கா.”

“உருவின நூலு இப்பிடித்தான் சுருண்டு கெடக்கும். நனைச்சுக் காயப் போட்டாத்தான் நேராகும். புள்ள பொறந்த செய்தி வந்ததும் நான் கண்ணிய மூடிர்றேன். அஞ்சு நிமிச வேல. அதுவரைக்கும் நாம ஒண்ணும் செய்யல.”

இரண்டு பேருக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு ஊக்கை வைத்து விதியை ஏமாற்றிவிட்டதாக இரண்டு பெண்கள் நம்பினார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மூன்றாவது பிள்ளையைச் சுமப்பவளுக்கு எதையாவது நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

வெள்ளைப் பருத்தி நூலில் சட்டை வளர்ந்தது. கழுத்தைச் சுற்றி இலை மாதிரி ஒரு கரை, குட்டைக் கை, கீழே விரிந்த பாவாடை. கொப்பியில் அந்தப் பக்கத்துக்கு ‘இருபது அங்குலப் பொம்மை’ என்றுதான் தலைப்பு எழுதினாள். ஏப்ரல் முடிவதற்குள் வேலை முடிந்தது. கடைசிக் கண்ணியை ஊக்கில் மாட்டி, மீதி நூல் உருண்டையோடு அலுமாரியின் மேல் தட்டில் வைத்தாள். லதுஷா கிழமைக்கு ஒரு நாள் மதியத்தில் வருவாள். சட்டையைக் கையில் வாங்கி மடியில் வைத்திருப்பாள். முதலில் ஊக்கைத்தான் பார்ப்பாள். பிறகு இருபத்தாறு கிழமை, இருபத்தெட்டுக் கிழமை என்று கணக்குச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். அவள் வராத கிழமைகளில் கிருஷாந்திக்கு ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

மே மாத நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் நாலு நாளாக விடாத மழை. அலுமாரியைத் திறந்தால் பூஞ்சண மணம். சட்டையும் கொஞ்சம் மணத்தது. காற்றாடட்டும் என்று கிருஷாந்தி அதை எடுத்து, நூல் உருண்டை தொங்காமலிருக்க நுனியில் வால்போலக் கொஞ்சம் மட்டும் விட்டு நூலைக் கத்தரித்துவிட்டு, பொம்மைத் தொப்பிகளோடு முன்னறைக் கம்பியில் மாட்டினாள். ஊக்கு அதன் இடத்தில்தான் இருந்தது. சாரல் அடித்தபோது சஞ்சீவ், அவனுக்குத் தெரிந்த உதவியாக, கம்பியில் இருந்த எல்லாவற்றையும் அள்ளி அவளுடைய கூடைக்குள் போட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்கு மூடுகிற வேலை. கிழமை முழுவதும் பின்னிய உருப்படிகள் எல்லாம் ஊக்கும் வாலுமாகக் கூடையில் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து ஊக்கைக் கழற்றி, கண்ணிக்குள் வாலை இழுத்து இறுக்கி, தையல் ஊசியில் கோத்துப் பின்னலுக்குள் ஒளித்து ஓட்டி, மிச்சத்தைக் கத்தரித்துப் போட வேண்டும். நுனி எங்கே போனது என்று யாருக்கும் தெரியக் கூடாது. பொம்மை உடுப்பில் நுனி தெரிந்தால் அது கூலி வேலை என்பாள் கிருஷாந்தி. இந்த வேலைக்குக் கண் தேவையில்லை, கை போதும்.

அன்றைக்கு கைரியா தன் கடையிலிருந்து போன் எடுத்தாள். டவுனில் பரிசுப் பொருள் கடை வைத்திருப்பவள் அவள்.

“கிருஷாந்தி, நாளைக்குக் காலைல டூரிஸ்ட் பஸ் ஒண்டு வருது. தொப்பி இருவத்தஞ்சு ஏலுமா?”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள். நிறம் பற்றிப் பேசினாள், கைரியாவின் மகளுடைய பரீட்சை பற்றிப் பேசினாள். கை கூடையில் இருந்ததை எடுத்தது, மூடியது, ஒளித்தது, கத்தரித்தது. போனை வைத்துவிட்டு, முடித்தவற்றை மடிக்கத் தொடங்கியபோது, தொப்பிகளுக்கு நடுவில் பெரிதாக ஒரு வெள்ளை. விரித்துப் பார்த்தாள். ஊக்கு இல்லை. வால் இல்லை. கழுத்திலிருந்து கரைவரை ஒரு குறையும் இல்லாத, முழுசான ஒரு குழந்தைச் சட்டை.

வெறும் நூல்தானே என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கடைசி வரிசையில் ஒரு கண்ணியைக் கத்தரித்துவிட்டால் மறுபடி உருவிக்கொண்டு வரும். தொழில் தெரிந்த யாருக்கும் தெரிந்த விஷயம் அது. கத்தரிக்கோலை எடுக்கவும் செய்தாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பிறக்காத பிள்ளையின் சட்டையைக் கத்தரிப்பதா என்ற நினைப்பு வந்ததும் வைத்துவிட்டாள். அலுமாரியில் போட்டுப் பூட்டினாள். லதுஷாவுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

புதன்கிழமை காலையில் லதுஷா ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் கிருஷாந்தியை நிமிர்ந்து உட்கார வைத்தது.

“அக்கா, அசையேல்லை எண்டு திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தனான். விடியத்தான் பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. உயிரில்லை.”

கிருஷாந்தி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“நர்ஸ் மிஸ் கேட்டவா, போட ஏதும் உடுப்பு இருக்கோ எண்டு. எங்களிட்ட ஒண்டுமில்லை. மாமி ஒரு வேட்டித் துண்டைக் கிழிச்சு வைச்சிருக்கிறா. அந்தச் சட்டையைக் கொண்டு வாங்கோ அக்கா.”

“நீளம் எவ்வளவுன்னு சொன்னாங்க?” என்று கிருஷாந்தி கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது இதுதானா என்று கூசினாள். தொழில் புத்தி.

“நாப்பது சென்ரிமீற்றர் எண்டு எழுதியிருக்கினம்.”

நாற்பது சென்டிமீட்டர் என்றால் பதினாறு அங்குலம். கொப்பியில் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே தேவையில்லை. இருபது அங்குலச் சட்டைக்குள் அந்தப் பிள்ளை காணாமல் போய்விடும். அவள் கம்பியைப் பார்த்தாள். பதினாறு அங்குலப் பொம்மைக்கென்று பின்னிய வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அங்கே தொங்கின. அவற்றை எடுத்தாள். அலுமாரியைத் திறந்து மற்றதையும் எடுத்துப் பையின் அடியில் வைத்தாள்.

திரீவீலரில் போகும்போதுதான் பொம்மைச் சட்டையின் முதுகில் இருந்த முத்துப் பொத்தான்கள் ஞாபகம் வந்தன. பொம்மைக்குப் பரவாயில்லை, பிள்ளைக்கு முதுகில் அழுத்துமே என்று மூன்றையும் வெட்டி எடுத்து, தன் கூந்தலில் கட்டியிருந்த வெள்ளை ரிப்பனை அறுத்துக் கோத்தாள். கோத்து முடித்த பிறகு, அந்தப் பிள்ளைக்கு இனி எதுவும் அழுத்தாது என்பது உறைத்தது. முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். திரீவீலர்க்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

வார்டின் கடைசிக் கட்டிலில் லதுஷா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமி, வேட்டித் துண்டை நாலாக மடித்து மடியில் வைத்தபடி. லதுஷாவின் கணவன் ரிஷிகேசன் பிள்ளைக்குப் பெட்டி எடுக்கப் போயிருந்தான். மூன்று மணிக்கு மஹய்யாவ மயானத்தில் அடக்கம் என்று முடிவாகியிருந்தது.

கிருஷாந்தி பொம்மைச் சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். லதுஷா அதைப் பார்த்தாள். தன்னுடையது அல்ல என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மாமிக்கும் கண் அதில்தான் இருந்தது.

“பிள்ளை, இது எப்ப செய்தது?” என்று மாமி கிருஷாந்தியைக் கேட்டார். சத்தம் போடவில்லை. “விடியப் பிறந்த பிள்ளைக்கு இவ்வளவு கெதியா ஆர் சட்டை பின்னினது? ஆர் உமக்கு முதலே சொன்னது?”

லதுஷாவின் கை போர்வையைப் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டில் இனி அவள் வாழப்போகிற காலம் முழுவதும் இந்தப் பதிலில் இருக்கிறது என்று கிருஷாந்திக்குத் தெரிந்தது.

“பொம்மைக்குப் பின்னினதுங்கம்மா. நான் பொம்மைக்குத்தான் பின்றது. கடைக்குக் குடுக்க இருந்தது. அளவு சரியா இருக்குமேன்னு எடுத்தாந்தேன்.”

பொம்மைக்கு என்று அவர்கள் சொல்லி வைத்திருந்த பொய், இப்போது ஒரு எழுத்துப் பிசகாத உண்மையாக இருந்தது. மாமி சட்டையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து இருந்த அளவைப் பார்த்தார். அவர் முகம் உடைந்தது.

“எனக்கு மூத்ததுக்கு எட்டுச் சட்டை தைச்சு வைச்சனாங்கள்,” என்றார். “பிள்ளை தங்கேல்லை, எட்டும் புதுசாவே போச்சுது. அதுதான் இவளை ஒண்டும் வாங்க விடேல்லை. இப்ப பாரும், என்ர பேத்திக்குப் பொம்மைச் சட்டை.”

சட்டையையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, நர்சோடு உள்ளே போனார். பிள்ளைக்குத் தானே உடுத்த வேண்டும் என்றார்.

அவர் போனதும் லதுஷா கிருஷாந்தியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கை சுட்டது.

“அக்கா, மற்றது. அது ஊக்கிலதானே இருக்கு?”

பை கிருஷாந்தியின் காலடியில் இருந்தது. அவள் பையைப் பார்க்கவில்லை.

“ஊக்குலதான் இருக்கு.”

“நீங்கள் மூடேல்லைத்தானே?”

“மூடல. நான் எதுக்கு மூடுறேன்.”

லதுஷா மூச்சு விட்டாள். திங்கட்கிழமையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு அது. அப்போதுதான் அவளுக்கு அழுகையும் வந்தது. கொஞ்சம் அழுதுவிட்டுச் சொன்னாள்: “அப்ப நான் ஒண்டும் செய்யேல்லை. அக்கா, அதை உருவிவிடுங்கோ. ஒரு இழுவையில வந்திடும் எண்டு காட்டினனீங்கள்தானே. அந்த நூலைக் கொண்டு வாங்கோ. அவளோட வைச்சு விடுவம். மூண்டு மணிக்கு முதல்.”

கிருஷாந்தி வீட்டுக்குப் போனாள். ஒரு மணி ஆகியிருந்தது. வாசலுக்கு நேரே வெளிச்சத்தில் உட்கார்ந்து சட்டையைப் புரட்டிப் புரட்டி நுனியைத் தேடினாள். உள்பக்கம், வெளிப்பக்கம், கரை நெடுக விரல் நகத்தால் கீறிப் பார்த்தாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் ஒளித்தது அவளுக்கே தெரியவில்லை. கத்தரித்தால்தான் வரும். கத்தரிக்கோலை எடுத்தாள். வெள்ளிக்கிழமை இதே கத்தரிக்கோல்தான் நறுக்கென்று வாலை வெட்டியது. திங்கட்கிழமை பிள்ளை அசையவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மூன்று தரம் கத்தரியைக் கரையில் வைத்தாள். மூன்று தரமும் கை மறுத்தது.

சுவர்க் கடிகாரம் ஒன்றே முக்காலைத் தாண்டியது. அலுமாரியின் மேல் தட்டில் அதே நூலின் மீதி உருண்டை இருந்தது. உருவின நூல் இதுதான் என்று கொடுத்துவிட அவள் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வழியில் பார்த்தாள். நூல் புதுசாக, உருவின நூலின் சுருளே இல்லாமல் நேராக, வழவழவென்று இருந்தது. கொஞ்சத்தை அவிழ்த்து விரலில் சுற்றிச் சுற்றிக் கசக்கினாள். விட்டதும் நேராகிக்கொண்டது. லதுஷா பிள்ளையைப் பறிகொடுத்தவள், இதையெல்லாமா பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். நனைச்சுக் காய வச்சேன் என்று சொல்லலாமா என்றும் யோசித்தாள். ஒரு மணி நேரத்தில், இந்த மழையில், எந்த நூல் காயும்?

வார்டின் பக்கத்து அறையில் பெட்டி திறந்து இருந்தது. லதுஷாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். ரிஷிகேசன் சுவரைப் பார்த்து நின்றான். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகப் பிள்ளை கிடந்தது. பதினாறு அங்குலம் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. தோளிலும் கையிலும் ஒரு கண்ணிகூடக் கூடவோ குறையவோ இல்லை. வாழ்நாளில் அவ்வளவு பொருத்தமாக அவள் எதையும் பின்னியதில்லை. அதைப் பார்த்தபோது கிருஷாந்திக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அவள் குனிந்து உருண்டையை லதுஷாவின் கையில் வைத்தாள். மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. லதுஷா நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். ஒரு முழம் வந்தது. அதை மடியில் விட்டுப் பார்த்தாள். நூல் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. இன்னும் ஒரு முழம் இழுத்துப் பார்த்தாள்.

“இது சுருளேல்லையே அக்கா,” என்றாள், கிருஷாந்திக்கு மட்டும் கேட்கிற குரலில்.

கிருஷாந்தி குனிந்தபடியே அவள் மடியில் கிடந்த நூலைப் பார்த்தாள்.

லதுஷா நூலை ஒழுங்காகச் சுற்றினாள். சுற்றி முடித்த உருண்டையைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. கிருஷாந்தியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு ரிஷிகேசனைப் பார்த்து, பெட்டியை மூடச் சொன்னாள்.